அம்மாக்கண்ணு மறித்த பொன்குழி

அம்மாக்கண்ணுவுக்குப் பயமே தெரியாது என்று குழிமலைத் தோட்டத்தில் பலர் சொல்வார்கள். அது உண்மையில்லை. மாட்டைக் கண்டால் அவளுக்குப் பயம். எதிரே ஒரு கிழட்டுப் பசு வந்தால்கூடக் கொழுந்துக் கூடையோடு தேயிலைக்குள் இறங்கி நின்றுவிடுவாள். மற்றபடி பெரிய துரையின் நாய்க்கும் பயப்படமாட்டாள், தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்கும் பயப்படமாட்டாள். ஐந்தடிகூட இல்லாத ஆள்தான். ஆனால் வாயைத் திறந்தால் மூன்று லயம் தாண்டிக் கேட்கும்.

1924இல் அதே தோட்டத்தின் ஐந்தாம் நம்பர் லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீட்டில், பிறந்தவள். பன்னிரண்டு வயதில் கூடையைத் தலையில் மாட்டினாள். பதினேழில் மாயாண்டியைக் கட்டிக்கொண்டாள். மாயாண்டிக்கு மண்வெட்டி வேலை. தேயிலை வரிசைகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டுவான். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். "எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு வாய் போதும்னு சாமி நெனச்சிருச்சு" என்பாள் அம்மாக்கண்ணு.

அவர்களுக்கு ஒரே ஒரு பிள்ளை, வள்ளிக்கண்ணு. இரண்டு வயதில் கக்குவான் இருமல் வந்தது. டிஸ்பென்சரியில் கொடுத்த மருந்து ஒன்றும் கேட்கவில்லை. 1946 தை மாதத்தில் ஒரு காலை நேரம் அம்மாவின் மடியிலேயே அடங்கிவிட்டது. குழி வெட்டி இறக்கும்போது, பிள்ளையின் காலில் கிடந்த வெள்ளிக் கொலுசைக் கழற்றி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் பெண்கள். அது ஊர் வழக்கம். மண்ணுக்குள் போவதால் யாருக்கு என்ன பயன்? அம்மாக்கண்ணு கழற்றவிடவில்லை. "அதப் போட்டுக்கிட்டுத்தான் நடக்கப் படிச்சா. அதோடயே போகட்டும்" என்றாள். பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை.

வள்ளிக்கண்ணுவைப் புதைத்த இடத்துக்குப் பொன்குழி என்று பெயர். ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே, ஆற்றோரமாக இருக்கும் சின்னத் தரை. தேயிலை வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னால், யாரோ அங்கே தங்கத்துக்கும் கல்லுக்கும் குழி தோண்டியிருக்கிறார்கள். ஆளுயரப் பள்ளங்கள் பத்துப் பதினைந்து, புல்லும் பன்னச்செடியும் மூடிக் கிடந்தன. தோட்டத்துக்குக் குழிமலை என்று பெயர் வந்ததே அதனால்தான். மழைக்காலத்தில் ஆற்றில் மஞ்சளாக மினுங்கும். அள்ளிப் பார்த்தால் காக்காப்பொன். அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு பிள்ளைகள் விளையாடுவார்கள்.

பள்ளமும் கல்லுமாகக் கிடந்த அந்த மண்ணில் தேயிலை பிடிக்கவில்லை. முதல் துரை இரண்டு தரம் கன்று போட்டுப் பார்த்துவிட்டு, "உங்கள் செத்தவர்களை அங்கே புதைத்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து குழிமலையில் செத்த ஒவ்வொருவரும் பொன்குழிக்குத்தான் போனார்கள். அம்மாக்கண்ணுவின் அப்பா, அம்மா, மாமியார் எல்லோரும் அங்கேதான் கிடந்தார்கள்.

நாற்பத்தெட்டில் இலங்கையில் வந்த சட்டம் தோட்டத்து ஆட்களுக்கு நாடு இல்லை என்றது. பிறகு மனுப்போட்டால் பிரஜாவுரிமை கொடுப்போம் என்றார்கள். அம்மாக்கண்ணுவும் மாயாண்டியும் மனுப்போட்டார்கள். நான்கு வருஷம் கழித்துப் பதில் வந்தது: மறுக்கப்பட்டது. மாயாண்டி ஒரு முறை தகப்பன் சாவுக்கு இந்தியாவுக்குப் போய் மூன்று மாதம் தங்கியிருந்தான்; அதனால் அவன் இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கவில்லையாம். அம்மாக்கண்ணு எங்கேயும் போனவள் அல்ல. நானுஓயாவில் ரயிலைப் பார்த்திருக்கிறாள், ஏறியதில்லை. ஆனால் புருஷனுக்கு இல்லையென்றால் பெண்சாதிக்கும் இல்லை என்று எழுதியிருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்து சிவபாதம் வாத்தியார்தான் அந்தக் கடிதத்தை வாசித்துச் சொன்னவர். யாழ்ப்பாணத்துக்காரர். வாசித்துவிட்டு, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டவரைப்போலத் தலைகுனிந்து நின்றார்.

இப்படி இருக்கையில்தான், 1956 மாசி மாதத்தில், பெரிய துரையின் பங்களாவுக்கு ஒரு விருந்தாளி வந்தார்.

பட்டாளத்தில் கேப்டனாக இருந்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர். கொழும்பில் இருந்து ஜீப்பில் வந்தார். கூடவே மரப்பெட்டியில் ஒரு மிஷின். யுத்த காலத்தில் மண்ணுக்குள் புதைத்த வெடியைக் கண்டுபிடிக்கச் செய்தது. நீளக் கம்பின் நுனியில் வட்டத்தட்டு, முதுகில் பேட்டரிப் பெட்டி, காதை மூடிக்கொள்ள இரண்டு கிண்ணம். தட்டைத் தரைக்கு மேலாக அசைத்துக்கொண்டே போனால், கீழே உலோகம் இருக்குமிடத்தில் காதில் கீச்சென்று கத்தும். பழைய தங்கக்குழிகளைப் பற்றி ஏதோ புத்தகத்தில் படித்துவிட்டு, பெரிய துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஆட்கள் அவருக்கு ஒரே நாளில் பெயர் வைத்துவிட்டார்கள்: காதுத்தொரை.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், கணக்கப்பிள்ளை நல்லமுத்து சத்தம்போட்டுச் சொன்னார்: "ஏழாம் நம்பருக்குக் கீழ யாரும் எறங்கக் கூடாது. பொன்குழிப் பாதைய மூடியாச்சு. மீறிப் போறவங்களுக்குப் பேர் இல்ல." பேர் இல்லை என்றால் அன்றைய வேலை இல்லை.

"சாவு விழுந்தா எங்க கொண்டு போறதாம்?" என்று கூட்டத்துக்குள் இருந்து ஒரு குரல். யார் குரல் என்று நல்லமுத்து நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவருக்குத் தெரியும்.

"அதுக்குள்ள யாரும் சாகாம இருங்க" என்றார்.

அன்றைக்கே பாதைக்குக் குறுக்கே கட்டை நட்டு முள்ளுக்கம்பி இழுத்தார்கள். தோண்டுவதற்கு மூன்று ஆளைப் பிரித்துக் கொடுத்தார்கள். அதில் ஒருவன் மாயாண்டி.

முதல் வாரம் லயத்தில் ஒரே சிரிப்பு. மிஷின் ஓயாமல் கத்தியது. கத்திய இடத்திலெல்லாம் தோண்டினார்கள். ஒரு குதிரை லாடம் வந்தது. தேயிலைச் செடி வெட்டும் துருப்பிடித்த கவ்வாத்துக் கத்தி நான்கு வந்தன. ஒரு பிஸ்கட் தகரம், யாரோ தொலைத்த தண்ணீர்ச் செம்பு. ஆற்றோரத்தில் இரும்புக்கல் நிறைய. அதைக் கண்டாலே மிஷினுக்கு வெறி பிடித்தது. காதுத்தொரை சலிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் முழங்காலில் உட்கார்ந்து, மண்ணைக் கையால் கிளறி, கழுவிப் பார்த்தார். "நல்ல மனுசன்தான், பாவம். கிறுக்குதான் கொஞ்சம்" என்றான் மாயாண்டி.

இரண்டாவது வாரம் புதன்கிழமை மாலை மாயாண்டி வேலை முடிந்து வந்து, காலைக் கழுவாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டான். அம்மாக்கண்ணு தேத்தண்ணி கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டானே தவிர, குடிக்கவில்லை.

"என்னாச்சு?"

"இன்னைக்கு மேல்தரைக்கு வந்துட்டாரு."

மேல்தரையில்தான் புதைகுழிகள்.

"வந்து?"

"நம்ம சிவசாமி இருக்காருல்ல… போன வருசம் போனாரே. அங்க கத்துச்சு. தோண்டச் சொன்னாரு. குழின்னு சொன்னோம். நல்லமுத்துதான் இங்கிலீசுல சொன்னாரு. எல்லாமே பழைய குழிதானேன்னுட்டாரு." மாயாண்டி கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "காப்பு வந்துச்சு. செம்புக் காப்பு. கையோட வந்துச்சு."

அம்மாக்கண்ணு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காப்பத் தொடச்சுப் பைக்குள்ள போட்டுக்கிட்டாரு. மூடுங்கன்னாரு, மூடுனோம். நாளைக்கு ஆத்தோர வரிசையாம்."

ஆற்றோர வரிசையில் கடைசியில் கிடந்தாள் வள்ளிக்கண்ணு.

"நீ தோண்டுன" என்றாள் அம்மாக்கண்ணு.

"நான் என்ன செய்யட்டும்? மாட்டேன்னா பத்துச்சீட்டுக் குடுத்து வேலைய விட்டும் லயத்த விட்டும் எறக்கிருவான். அதுக்கப்புறம் எங்க போறது? எந்த நாட்டுக்குப் போறது, சொல்லு?"

மறுநாள் என்ன செய்வதென்று அம்மாக்கண்ணு அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை பெரட்டில் பெயர் கொடுத்தாள். கூடையை மாட்டிக்கொண்டு மற்றப் பெண்களோடு ஏழாம் நம்பர் மலை வரை நடந்தாள். தேயிலை நிரைக்குள் நுழையும் இடத்தில், லயத்தில் அடுத்த அறையில் குடியிருக்கும் பக்கத்துக் காம்பராக்காரி அழகம்மாவிடம், "நான் கீழ போறேன்" என்றாள்.

"அடியே, பேர் வெட்டிருவாங்கடி!"

"வெட்டட்டும். நான் திரும்பி வரலேன்னா நீங்கள்லாம் வாங்க."

முள்ளுக்கம்பிக்குக் கீழே கூடையைத் தள்ளி, தானும் குனிந்து நுழைந்தாள். முதுகில் கம்பி கிழித்தது. நேராகப் போய், மகளின் குழிமேட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

காதுத்தொரையும் நல்லமுத்துவும் தோண்டுகிற ஆட்களும் ஆற்றோர வரிசையின் மறுமுனையில் இருந்தார்கள். மிஷினை அசைத்து அசைத்து அவர்கள் வந்து சேர நேரம் பிடித்தது. அவளைக் கண்டதும் நல்லமுத்துவுக்கு முகம் வெளுத்தது.

"ஏய், எந்திரி! மலைக்குப் போ!"

"மிஷின இங்க வைக்கச் சொல்லுங்க, கணக்கப்பிள்ளை ஐயா."

"என்ன?"

"எம்மேல வைக்கச் சொல்லுங்க. தோடு இருக்கு, மூக்குத்தி இருக்கு, மெட்டி இருக்கு. கத்தும். கத்துனா என்னையும் தோண்டச் சொல்லுங்க."

காதுத்தொரை காதிலிருந்த கிண்ணங்களைக் கழற்றி, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நல்லமுத்து பாதியை விழுங்கி மீதியைச் சொன்னார். கேப்டன் கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து, தட்டை அவளுக்கு அருகே தரையில் நீட்டினார். மிஷின் கத்தியிருக்க வேண்டும். அவர் புருவம் உயர்ந்தது.

"இங்கே என்ன இருக்கிறதென்று கேட்கிறார்" என்றார் நல்லமுத்து.

"நான் சொல்றேன், மிஷின் வேணாம். வெள்ளிக் கொலுசு ஒரு சோடி. அது கெடக்குறது எம்புள்ள காலுல. ரெண்டு வயசுப் புள்ள."

மாயாண்டி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றான்.

நல்லமுத்து மெல்லச் சொன்னார். கேப்டன் அதற்குச் சொன்னதை அவர் தமிழில் சொன்னார்: "கொலுசு கிடைத்தால் பத்திரமாக உன் கையில் கொடுத்துவிடுவாராம். அதற்குக் கீழேதான் பழைய குழியின் வாய் இருக்கிறதாம். அவருக்கு அது மட்டும் போதுமாம்."

"புள்ளைக்குக் குடுத்தத நாங்க திரும்ப வாங்குறதில்லைனு சொல்லுங்க" என்றாள் அம்மாக்கண்ணு.

பெரிய துரைக்கு ஆள் போனது. மோட்டார் சைக்கிளில் மேல் ரோட்டுவரை வந்து, அங்கிருந்து இறங்கி வந்தார். வரும்போதே கத்திக்கொண்டு வந்தார். துரைமாருக்கு ஒரு தமிழ் உண்டு, திட்டுவதற்கு மட்டும் பழகிய தமிழ். அதையெல்லாம் அவர் கொட்டி முடிக்கும் வரை அம்மாக்கண்ணு காத்திருந்தாள்.

"யார் நிலம் இது?" என்று கேட்டார் கடைசியில். "உன் நிலமா?"

"இல்லீங்க தொர. எனக்குத்தான் எங்கயும் நெலம் இல்லையே. எம்புள்ளைக்கு ரெண்டு மொழம் இருக்கு. அதுலதான் உக்காந்திருக்கேன்."

துரை மாயாண்டியின் பக்கம் திரும்பினார். "உன் பெண்சாதிதானே? இழுத்துப் போடு. இல்லாவிட்டால் இன்றைக்கே பத்துச்சீட்டு."

அம்மாக்கண்ணு புருஷனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவனுக்குக் கஷ்டம் என்று நினைத்தாள். மண்வெட்டி கல்லில் விழும் சத்தம் கேட்டது. மாயாண்டி அவளுக்குப் பக்கத்தில் வந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தினான். மற்ற இரண்டு ஆட்களும் மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள்.

சற்று நேரத்தில் மேலே சத்தம். அழகம்மா முன்னால் வர, ஏழாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்த நாற்பது பெண்களும் கூடையோடு வந்தார்கள். கம்பிக்குக் கீழே நுழைய அவர்களுக்குப் பொறுமையில்லை. இரண்டு கட்டையைப் பிடுங்கிப்போட்டு, கம்பியை மிதித்துக்கொண்டு வந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. அவரவர் தங்கள் வீட்டு ஆள் கிடக்கும் மேட்டைத் தேடிப் போய் உட்கார்ந்தார்கள். சிவசாமியின் மகள், முந்தின நாள் தோண்டி மூடிய ஈரமண்ணில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கேப்டன் அவளையே பார்த்தார். பிறகு பைக்குள் கையை விட்டுச் செம்புக் காப்பை எடுத்து, போய் அவள் முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். பெரிய துரைக்கு அது இன்னும் கோபத்தை மூட்டியது. "நாளைக்குப் பொலிஸோடு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

அன்று பிற்பகல் பெண்கள் சிவபாதம் வாத்தியாரைத் தேடிப் போனார்கள். வாத்தியார் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பங்களாவோடு பகைத்தால் அவருக்கும் அங்கே இருக்க முடியாது.

"தங்கம் தோண்டுறதெண்டால் கவர்மெண்டிட லைசென்ஸ் வேணும்" என்றார் கடைசியில். "தோட்டம் துரையிட பொறுப்பிலதான். ஆனா மண்ணுக்குக் கீழ கிடக்கிறது அவரிட சொத்தில்லை. லைசென்ஸ் இருக்கோ எண்டு ஆரும் கேட்டீங்களோ?"

"எங்களுக்கு எங்கங்க தெரியும், வாத்தியாரே?"

"அப்ப கவர்மெண்டுக் கச்சேரி கேக்கட்டும். நான் இங்கிலீசில எழுதித் தாறன். கைநாட்டு வைக்கிறவை எல்லாரும் வையுங்கோ. கீழ என்ர பேரையும் போடுறன், எழுதினவர் எண்டு."

"உங்களுக்கு வம்பு வருமேங்க."

"வந்தா வரட்டும், பிள்ளை. அண்டைக்கு ஒரு கடுதாசி வாசிச்சன். இண்டைக்காவது ஒண்டு எழுதுறன்."

மனு அரசாங்க அலுவலகமான நுவரெலியாக் கச்சேரிக்குப் போனது. அடுத்த நான்கு நாளும் பெண்கள் முறைவைத்துப் பொன்குழியில் உட்கார்ந்தார்கள். பொலிஸ் வந்தது, பார்த்தது, போனது. குழிமேட்டில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பொம்பளைகளைத் தூக்கிக்கொண்டு போக அவர்களுக்கு மனமில்லை. ஐந்தாம் நாள் கச்சேரியில் இருந்து ஓர் அதிகாரி வந்தார். சிங்களவர், கறுப்புக் கோட்டு, கையில் குடை. முதலில் கேப்டனிடம் லைசென்ஸைக் கேட்டார். கேப்டன் பெரிய துரை எழுதிய அனுமதிக் கடிதத்தை நீட்டினார்.

"இது நிலத்தில் நடப்பதற்கான அனுமதி. தோண்டுவதற்கான அனுமதி எங்கே?" என்றார் அதிகாரி.

அது இல்லை. வேலையை அன்றே நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தார். பிறகு பெண்களின் பக்கம் திரும்பி, "இதில் அம்மாக்கண்ணு யார்?" என்று சிங்களத்தில் கேட்டார். அவள் எழுந்தாள். பக்கத்துக் கிராமத்து ஆட்களோடு பேசிப் பழகிய சிங்களம் அவளுக்கு உண்டு.

"மனுவில் முதல் பெயர் உன்னுடையது. நீ பிரஜையா?"

"இல்லை, மாத்தயா. மறுத்துவிட்டார்கள்."

"அப்படியானால் இந்த மண்ணில் உனக்கு எந்த உரிமையும் இல்லை. அது உனக்குத் தெரியுமா? நான் வேலையை நிறுத்தியது லைசென்ஸ் இல்லாததால். நீ சொன்னதற்காக அல்ல."

"தெரியும். எனக்கு உரிமை இல்லை. இங்கே கிடக்கிறவர்களை எந்த நாட்டுக்கு அனுப்புவீர்கள், மாத்தயா? அதையும் எழுதுங்கள்."

அதிகாரி அவளை உற்றுப் பார்த்தார். எதுவும் எழுதவில்லை. குடையை விரித்துக்கொண்டு மேலே ஏறிப்போனார். ஆனால் அடுத்த மாதம் தோட்டத்துக்கு வந்த கச்சேரிக் கடிதத்தில், புதைகுழிகள் உள்ள இடத்தை எக்காரணம் கொண்டும் கிளறக் கூடாது என்று ஒரு வரி இருந்ததாக வாத்தியார் சொன்னார்.

காதுத்தொரை நானுஓயா வழியாக ரயிலில் கொழும்புக்குப் போனார், ஜீப் பழுதாகிவிட்டது. பெட்டியை ஸ்டேஷன்வரை தூக்கிப்போனவர்களில் மாயாண்டியும் ஒருவன். "கனம் கொஞ்சமில்ல" என்றான் வந்து.

பெரிய துரை சும்மா விடவில்லை. மாயாண்டிக்குப் பத்துச்சீட்டு வந்தது. தொழிற்சங்கம் தலையிட்டு, மூன்று தோட்டம் வேலைநிறுத்தம் என்று சொன்ன பிறகுதான் அதைத் திருப்பி எடுத்தார்கள். அம்மாக்கண்ணுவை ஒரு வருஷம் முழுக்கத் தோட்டத்திலேயே செங்குத்தான பதினோராம் நம்பர் மலையில் போட்டார்கள். மூச்சு வாங்க ஏறுவாள். உச்சியில் நின்று, கீழே வேலையை மேற்பார்த்து நிற்கும் கண்டாக்கையாவைக் கூப்பிட்டு, "ஐயா, இங்கயிருந்து பாத்தா உங்க பங்களா தீப்பெட்டியாட்டம் இருக்கு!" என்று கத்துவாள். சிவபாதம் வாத்தியாரை அந்த வருஷக் கடைசியில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மாற்றிவிட்டார்கள். பெண்கள் அவரது பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை போனார்கள்.

முள்ளுக்கம்பியை மட்டும் துரை மறுபடி போட்டார், வீம்புக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், லயத்துச் சனம் அத்தனையும் பார்க்க, அம்மாக்கண்ணுவும் அழகம்மாவும் போய்க் கட்டைகளைப் பிடுங்கினார்கள். மறுபடி நட்டார்கள். மறுபடி பிடுங்கினார்கள். மூன்றாம் தரம் நல்லமுத்துவே வந்து, "தொரகிட்ட நான் சொல்லிக்கிறேன், விடுங்க" என்றார். அதற்குப் பிறகு யாரும் நடவில்லை.

அறுபத்திரண்டில் அந்தப் பெரிய துரை ஊருக்குப் போனார். அறுபத்திநாலில் இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு, இத்தனை லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்றன. தோட்டம் தோட்டமாகப் பேச்சு அதுதான். அப்போது அம்மாக்கண்ணுவுக்கு நாற்பது வயது. சங்கத்தின் தோட்டக் கமிட்டியில் மாதர் தலைவி. ஆட்களிடம் விருப்பம் கேட்க வந்த ஒரு குமாஸ்தா பாபு, மேசை போட்டு உட்கார்ந்து, அவள் முறை வந்ததும் கேட்டார்:

"இந்தியாவுக்குப் போக விருப்பமா?"

"போனதில்லைங்களே. தெரியாத ஊருக்கு எப்படி விரும்புறது?"

"இங்கே உங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை, அம்மா. போகாவிட்டால் என்ன செய்வீர்கள்?"

"நாளைக்குப் பதினோராம் நம்பர்ல கொழுந்து" என்றாள் அம்மாக்கண்ணு. பின்னால் நின்ற மாயாண்டியின் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்தாள். "இவரையும் கேட்டுக்கங்க. இவருக்குத் தனியா வாய் இருக்கு."

மாயாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, போக விருப்பம் இல்லை என்றான்.